ஓடும்போது மூச்சு ஏன் இரைக்கிறது?



மாசி மாதத்தில், மகா சிவராத்திரியை ஒட்டி, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிச் சாலைகளில் ஓர் அரிய காட்சியைக் காணலாம். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறி ஏந்தி, "கோவிந்தா! கோபாலா!" என்று முழங்கிக்கொண்டே அடியார்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். இதற்குச் சிவாலய ஓட்டம் என்று பெயர். முஞ்சிறையை அடுத்த திருமலையில் தொடங்கும் இந்த ஓட்டம் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று திருநட்டாலத்தில் முடிகிறது. மொத்தம் 12 சிவன் கோயில்கள். 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இப்போது வாகனங்களில் செல்வோரும் பலர் உண்டு. ஆயினும் பகலும் இரவுமாக ஓடியும் நடந்துமே இத்தொலைவைக் கடப்போர் இன்றும் குறையவில்லை.

நாம் இங்கே பேசப்போவது அந்த ஓட்டத்தின் பக்தியைப் பற்றியன்று; மூச்சைப் பற்றி. ரப்பர்த் தோட்டங்களின் நடுவே மேடும் பள்ளமுமாகச் செல்லும் அந்தச் சாலைகளில் ஓடுபவருக்கு மூச்சு இரைக்கிறது. பள்ளி மணி அடித்துவிட்டதே என்று மாடிப்படிகளில் தாவி ஏறும் உங்களுக்கும் மூச்சு இரைக்கிறது. ஏன்?

"ஓடினால் உடலுக்குப் பிராணவாயு அதிகம் வேண்டும், அதனால் வேகமாக மூச்சு விடுகிறோம்" என்று நீங்கள் உடனே பதில் சொல்வீர்கள். தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். எவ்வளவு அதிகம் வேண்டும்? அந்தத் தேவை மூச்சை நடத்தும் உறுப்புக்கு எப்படித் தெரிகிறது? ஓட்டத்தை நிறுத்திய பின்னும் இரைப்பு ஏன் தொடர்கிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் வியப்பான செய்திகள் பல கிடைக்கும். அவற்றுள் ஒன்று உங்கள் உயிரையே காக்கக் கூடியது. ஆகவே கடைசி வரை படியுங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

அறிவியலில் எதையும் அளந்து பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. இதற்கு வேண்டிய கருவி விநாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம் மட்டுமே.

உங்கள் நண்பரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்லுங்கள். பிறகு ஒரு நிமிடத்தில் அவருடைய மார்பு எத்தனை முறை உயர்ந்து தாழ்கிறது என்று எண்ணுங்கள். ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தால் அது ஒரு மூச்சு. இங்கே ஒரு தந்திரம் தேவை. தம் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்தவுடனே நம் மூச்சு மாறிவிடும். நீங்களும் இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் மூச்சைக் கவனிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அது சற்று மாறியும் இருக்கும்! அதனால்தான் மருத்துவமனையில் செவிலியர் நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே, நோயாளி அறியாமல் மூச்சையும் எண்ணிவிடுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்கள் வயதினருக்கு அமைதியான நிலையில் மூச்சு பெரும்பாலும் நிமிடத்துக்கு 15-க்கும் 22-க்கும் இடையில் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி சுமார் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான ஒரு படியைத் தேர்ந்தெடுங்கள். நண்பர் அதில் ஏறி இறங்கட்டும். நிமிடத்துக்கு 20 முறை வீதம் மூன்று நிமிடம். முடிந்தவுடன் அவரை உட்காரவைத்து, முதல் அரை நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தொடர்ந்து ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இப்படியே ஐந்து நிமிடம் வரை எண்ணுங்கள். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் மூச்சு எண்ணிக்கையைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைபடம் வரையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இழைப்பு நோய், இதய நோய், காய்ச்சல் உள்ளவர்கள் இச்சோதனையைச் செய்ய வேண்டாம், அவர்கள் எண்ணுபவராக இருக்கட்டும். செய்பவருக்குத் தலைசுற்றலோ மார்பு வலியோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும்?

நான் இயற்பியல் ஆசிரியன். ஆகவே ஒரு சிறு கணக்கைப் போடாமல் விடமாட்டேன்!

நண்பரின் எடை 40 கிலோகிராம் என்று கொள்வோம். படியின் உயரம் 0.3 மீட்டர். மூன்று நிமிடத்தில் அவர் 60 முறை ஏறுகிறார். பொருளைத் தூக்கச் செய்யும் வேலை, நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் அல்லவா? ஆகவே ஏறுவதற்கு அவர் செய்த வேலை 40 × 9.8 × 0.3 × 60 = 7,056 ஜூல்.

நம் தசையும் ஓர் எஞ்சின்தான். எந்த எஞ்சினும் எரிபொருளின் ஆற்றல் முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. தசை ஏறத்தாழ கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. (உழைத்தால் உடம்பு சுடுவதும், சிவாலய ஓட்டக்காரர் விசிறியால் வீசி வியர்வையை ஆற்றிக்கொள்வதும் இதனால்தான்.) எனவே 7,056 ஜூல் வேலைக்கு அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது சுமார் 28,000 ஜூல் ஆற்றல் செலவாகிறது.

நாம் உண்ட உணவு உடலில் ஒரு லிட்டர் பிராணவாயுவுடன் சேர்ந்து எரியும்போது ஏறத்தாழ 20,000 ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஆகவே மூன்று நிமிடத்துக்கு வேண்டிய பிராணவாயு 28,000 ÷ 20,000 = 1.4 லிட்டர். நிமிடத்துக்குச் சுமார் 0.47 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம், மூளை முதலியவற்றுக்காக நிமிடத்துக்கு 0.2 லிட்டர் தேவைப்படுகிறது. இறங்குவதற்கும் சிறிது உழைப்பு உண்டு. எல்லாம் சேர்த்து நிமிடத்துக்கு 0.8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருந்தபோது இருந்ததைப்போல் இது நான்கு மடங்கு!

நாம் உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். வெளிவிடும் காற்றில் 16 அல்லது 17 சதவீதம். அதாவது, இழுத்ததில் ஒரு சிறு பகுதியையே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆகவே ஒரு லிட்டர் பிராணவாயுவைப் பெறச் சுமார் 25 லிட்டர் காற்றை இழுத்துவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு நிமிடத்துக்கு 0.2 × 25 = 5 லிட்டர் காற்று போதும். படி ஏறுபவருக்கு 0.8 × 25 = 20 லிட்டர் வேண்டும்.

இப்போது சிவாலய ஓட்டத்துக்கு வருவோம். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட, அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும். 60 கிலோகிராம் எடையுள்ளவர் 80 கிலோமீட்டரையும் ஓடியே கடந்தால் 4,800 கிலோ கலோரி. அதற்குச் சுமார் 1,000 லிட்டர் பிராணவாயு வேண்டும். அதைப் பெற 25,000 லிட்டர் காற்றை இழுத்துவிட வேண்டும். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையில் அடங்கும் காற்று 27,000 லிட்டர். திருமலையிலிருந்து திருநட்டாலம் போய்ச் சேர்வதற்குள் அடியார் ஏறத்தாழ ஓர் அறைக் காற்றைத் தம் மார்புக்குள் புகுத்தி வெளியேற்றிவிடுகிறார்!

எண்ணிக்கையா, ஆழமா?

இப்போது உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு புதிர் காத்திருக்கிறது. காற்றுத் தேவை நான்கு மடங்காயிற்று என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் மூச்சு எண்ணிக்கை நான்கு மடங்காகியிருக்காது. 18 என்பது 27 அல்லது 28 ஆகியிருக்கலாம். அதாவது ஒன்றரை மடங்கு. மீதிக் காற்று எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு மூச்சின் ஆழமும் கூடியிருக்கிறது என்பதே விடை. உட்கார்ந்திருந்தபோது ஒரு மூச்சுக்கு 280 மில்லிலிட்டர். 18 மூச்சுக்குச் சுமார் 5 லிட்டர். படி ஏறும்போது ஒரு மூச்சுக்கு 700 மில்லிலிட்டர். 28 மூச்சுக்குச் சுமார் 20 லிட்டர். கணக்குச் சரியாகிவிட்டது. இன்னும் கடுமையாக உழைத்தால் எண்ணிக்கையும் நன்றாக ஏறும். நல்ல உடற்கட்டுள்ள பெரியவர் ஒருவர் முழு வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 40, 50 மூச்சுகளில் 100 லிட்டருக்கும் மேற்பட்ட காற்றை இழுப்பதுண்டு.

உடல் ஏன் முதலில் ஆழத்தைக் கூட்டுகிறது? இதைப் புரிந்துகொள்ளப் பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அணையில் தண்ணீர் திறந்தால் அது முதலில் கால்வாயை நிரப்ப வேண்டும். அதன் பிறகே கடைவரம்பு வயலுக்குப் போய்ச் சேரும். கால்வாய் நனையும் அளவுக்கு மட்டும் திறந்துவிட்டு மூடினால் வயலுக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. நம் மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழலும் அந்தக் கால்வாயைப் போன்றவை. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளே வயல்கள். அங்கேதான் பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது. பெரியவர் ஒருவருக்குக் 'கால்வாயை' நிரப்பவே ஒவ்வொரு மூச்சிலும் 150 மில்லிலிட்டர் காற்று வீணாகிறது.

ஒருவர் நிமிடத்துக்கு 15 முறை, ஒவ்வொன்றும் 500 மில்லிலிட்டராக மூச்சு விடுகிறார். மொத்தம் 7.5 லிட்டர். வீணானது போக, காற்றறைகளை அடைவது 15 × 350 = 5.25 லிட்டர். இன்னொருவர் 30 முறை, ஒவ்வொன்றும் 250 மில்லிலிட்டராக மேலோட்டமாக மூச்சு விடுகிறார். மொத்தம் அதே 7.5 லிட்டர்தான். ஆனால் காற்றறைகளை அடைவதோ 30 × 100 = 3 லிட்டர் மட்டுமே! பரபரவென்று மேல்மூச்சு விடுவதைவிட நிதானமாக ஆழ்ந்து மூச்சு விடுவது ஏன் நல்லது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மூச்சின் ஆழத்தையும் நீங்கள் அளக்கலாம். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் அளவுகோடு வரைந்து, நீர் நிரப்பி, ஒரு பெரிய வாளி நீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். தூய புதிய ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் கேனின் வாய்க்குள் செலுத்தி, மறுமுனை வழியாக ஒரு மூச்சை ஊதுங்கள். கேனில் எவ்வளவு நீர் இறங்கியதோ அதுவே உங்கள் மூச்சின் அளவு. ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது.

மூச்சை விரைவுபடுத்துவது யார்?

மார்பை விரிப்பவை உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும். உதரவிதானம் கீழிறங்கினால் மார்பின் கன அளவு கூடும். பாயில் விதிப்படி உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று உள்ளே பாயும். இத்தசைகளுக்குத் தாமாக இயங்கத் தெரியாது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்திலிருந்து இவற்றுக்கு ஆணை வருகிறது. நீங்கள் தூங்கும்போதும் அந்த ஆணை நிற்பதில்லை.

முகுளத்துக்கு 'இன்னும் காற்று வேண்டும்' என்று யார் சொல்வது? பிராணவாயுக் குறைவுதான் சொல்லும் என்று எண்ணுவீர்கள். உண்மை வேறு. 1905-ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். காற்றறைகளில் உள்ள காற்றில் கரியமில வாயு ஐந்தரை சதவீதம் அளவில் இருக்கிறது. அது வெறும் 0.2 சதவீதம் கூடினாலே அங்கு சென்று வரும் காற்றின் அளவு இரு மடங்காகிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பிராணவாயுக் குறைவோ, அது பெரிய அளவில் குறைந்தால்தான் மூச்சைத் தூண்டுகிறது. ஆக, நம்மை மூச்சு விடச் சொல்லி விரட்டும் முதல் காவலாளி கரியமில வாயுவே. இதை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. உங்கள் நண்பரை மறுபடியும் படியேறச் சொல்லி, முதல் இரண்டு மூன்று விநாடிகளை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். அடியெடுத்து வைத்த உடனேயே மூச்சு கூடுவதைக் காண்பீர்கள். காலில் உண்டான கரியமில வாயு இரத்தத்தோடு பயணம் செய்து மூளைக்கு எட்ட அதைவிட அதிக நேரம் ஆகும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோக், லிண்டார்டு ஆகியோர் 1913-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். மூளை கால்களுக்கு 'ஓடு' என்று ஆணையிடும்போதே மூச்சு மையத்துக்கும் ஒரு செய்தியை அனுப்பிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. அசையும் கை கால்களிலிருந்து நரம்புகள் வழியாகவும் செய்தி போகிறது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது.

நம் ஊர்க் கலியாண வீட்டுச் சமையற்காரரை எண்ணிப் பாருங்கள். பந்தியில் "சோறு எங்கே?" என்று கூச்சல் எழும் வரை அவர் காத்திருப்பதில்லை. விருந்தினர் பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கண்டதுமே அடுத்த உலையை ஏற்றிவிடுகிறார். பிறகு பந்தியில் கேட்கும் குரலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறார். மூளையும் அப்படித்தான்: முன்கூட்டியே மூச்சை விரைவுபடுத்திவிட்டு, கரியமில வாயுவின் அளவைக் கொண்டு அதைச் சரிசெய்துகொள்கிறது. இந்த ஏற்பாடு மிகத் திறமையாக நடப்பதால், மிதமான உழைப்பில் தமனி இரத்தத்தின் பிராணவாயு அளவும் கரியமில வாயு அளவும் ஏறத்தாழ மாறுவதே இல்லை. இந்தச் செய்திகளுள் எதன் பங்கு எவ்வளவு என்பது இன்றும் முழுமையாகத் தீராத வழக்கு. உங்களில் ஒருவர் நாளை அதைத் தீர்த்துவைக்கலாம்.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பெயரும் உண்டு. அவர் அவதார் சிங் பெயிண்டல் (1925–2004). தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் இயக்குநராகவும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தவர். நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டி அமைந்துள்ள ஒருவகை நரம்பு முனைகளை அவர் 1950-களில் கண்டறிந்தார். அவற்றுக்கு 'ஜே ஏற்பிகள்' என்று பெயர். கடும் உழைப்பில் நுரையீரலுக்குள் இரத்தம் மிகுதியாகப் பாயும்போது இவை தூண்டப்பட்டு மூச்சை விரைவுபடுத்துகின்றன; தசைகளைத் தளரச் செய்து 'போதும், நில்' என்று எச்சரிக்கவும் செய்கின்றன என்று அவர் விளக்கினார். 1981-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

நின்ற பிறகும் ஏன் இரைக்கிறது?

உங்கள் வரைபடத்தில் கோடு உடனே பழைய அளவுக்கு விழுந்திருக்காது. முதல் நிமிடத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கியிருக்கும். கொதிக்கும் கஞ்சியை இறக்கிவைத்தால் முதலில் சட்டென்று ஆறி, பின்னர் மெல்ல மெல்ல ஆறுகிறதே, அதே வகைக் கோடு.

ஓடத் தொடங்கிய முதல் சில விநாடிகளில் இதயமும் நுரையீரலும் முழு வேகம் பெறுவதற்கு முன்பே தசைகளுக்கு ஆற்றல் வேண்டியிருக்கிறது. அவை தம்மிடமுள்ள சேமிப்பை எடுத்துச் செலவிடுகின்றன. பிராணவாயு இல்லாமலே சர்க்கரைப் பொருளைச் சிதைத்தும் ஆற்றல் பெறுகின்றன. ஓட்டம் நின்றதும் இச்சேமிப்பைத் திரும்ப நிரப்ப வேண்டும். 1920-களில் ஆங்கில அறிஞர் ஏ. வி. ஹில் இதற்குப் 'பிராணவாயுக் கடன்' என்று பெயரிட்டார். கடன் வாங்கியவர் அசலோடு வட்டியும் கட்ட வேண்டுமல்லவா? இங்கும் அப்படியே. உடல் சூடேறியிருப்பதும் இதயம் விரைந்து துடிப்பதும் அந்த வட்டி போன்றவை.

லாக்டிக் அமிலம் தசையில் தேங்குவதே இக்கடன் முழுவதற்கும் காரணம் என்று முன்பு கருதினார்கள். இன்று அக்கருத்து மாறிவிட்டது. லாக்டிக் அமிலத்திலிருந்து வரும் பொருளை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மறுநாள் கால் வலிப்பதற்கு அது காரணமன்று. பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே காரணம்.

குளத்தில் மறைந்திருக்கும் ஆபத்து

தொடக்கத்தில் உயிரைக் காக்கும் செய்தி ஒன்று உண்டென்று சொன்னேன். இதோ அது.

நாஞ்சில் நாடு குளங்கள் நிறைந்த நாடு. குளத்தில் முங்கி, யார் அதிக நேரம் மேலே வராமல் இருப்பது என்று பந்தயம் வைக்காத சிறுவர்கள் எங்கள் காலத்தில் குறைவு. முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து முறை மூச்சை இழுத்துவிட்டால் அதிக நேரம் தாக்குப் பிடிக்கலாம் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒருநாள் அப்படிச் செய்துவிட்டு முங்கிய என் தோழன் ஒருவன் வரவேயில்லை. அவன் பந்தயத்தில் ஜெயிக்கிறான் என்று நாங்கள் கரையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு ஏதோ சந்தேகம் தட்டியது. அவர் பாய்ந்து அவனைத் தூக்கியபோது அவனுக்கு நினைவில்லை. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். அவன் துடிக்கவில்லை, கையை அசைக்கவில்லை, மேலே வர முயலவுமில்லை. அதுதான் எங்களுக்கு விளங்காத மர்மமாயிருந்தது.

இப்போது நீங்களே அந்த மர்மத்தை விளக்கிவிடலாம். சாதாரணமாக மூச்சு விடும்போதே தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபின் 97 சதவீத அளவுக்குப் பிராணவாயுவால் நிறைந்துள்ளது. நிரம்பிய குடத்தில் மேலும் நீரை ஊற்றி என்ன பயன்? வேகமாக மூச்சு விடுவதால் பிராணவாயு அதிகம் சேர்வதில்லை. ஆனால் கரியமில வாயு பெருமளவில் வெளியேறிவிடுகிறது. 'மூச்சு விடு' என்று விரட்டும் காவலாளி அதுவல்லவா? காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு நீருக்குள் போகிறோம். நீந்தும் தசைகள் பிராணவாயுவைத் தீர்த்துக்கொண்டே இருக்கின்றன. கரியமில வாயு மீண்டும் உரிய அளவுக்கு ஏறி எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே, மூளைக்குப் பிராணவாயு போதாமல் நினைவு தப்பிவிடுகிறது. மூச்சு முட்டுவதே தெரியாது, துடிப்பும் இராது. உடலுக்கு நினைவின்றியே மூச்சு திரும்பும்போது நுரையீரலுக்குள் நீர்தான் புகும்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே இந்த ஆபத்து அதிகம் பிடிக்கிறது. ஏனெனில் அவர்களே இத்தகைய பந்தயங்களில் இறங்குகிறார்கள். எனவே முங்குவதற்கு முன் வேகமாக மூச்சிழுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். முங்கும் பந்தயமே வேண்டாம். உங்கள் தம்பி தங்கையருக்கும் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள். 'செய்யாதே' என்ற சொல்லைவிட 'ஏன்' என்ற விளக்கம் நன்றாக மனத்தில் நிற்கும்.

பயிற்சி என்ன செய்கிறது?

ஒருவர் சில மாதங்கள் நாள்தோறும் ஓடிப் பழகினால், அதே படியேறும் சோதனையில் அவர் முன்னைவிடக் குறைவாகவே இரைப்பார். நுரையீரல் பெரிதாகிவிட்டதா? இல்லை. நுரையீரலின் காற்றறைகளை விரித்துவைத்தால் ஒரு வகுப்பறைத் தரையைவிட அதிகப் பரப்பு வரும். பெரும்பாலோர்க்கு அது ஏற்கெனவே போதுமானது. மாற்றம் நிகழ்வது இதயத்திலும் தசையிலும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தம் கூடுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. வந்து சேரும் பிராணவாயுவைத் தசை இன்னும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஓட்டத்தை நிறுத்திய பின் மூச்சு எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பது இந்த முன்னேற்றத்தைக் காட்டும் நல்ல அடையாளம். உங்கள் வரைபடத்தைப் பத்திரமாக வையுங்கள். தினமும் அரை மணி நேரம் விளையாடிவிட்டு, இரண்டு மாதம் கழித்து மீண்டும் ஒன்று வரைந்து ஒப்பிடுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். சிறிது நடந்தாலே இரைக்கும் தோழர் வகுப்பில் இருந்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள். அது சோம்பலாக இராமல், இரத்தச் சோகையாகவோ இழைப்பு நோயாகவோ இருக்கலாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் பிராணவாயுவைச் சுமக்கும் வண்டிகள் குறைந்துவிட்டன என்று பொருள். இவை மருத்துவரிடம் காட்டினால் சரிசெய்யக் கூடியவை.

இறுதியாக, மறுபடியும் சிவாலய ஓட்டக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் ஏன் முழங்கிக்கொண்டே ஓட வேண்டும்? காரணம் பக்திதான். ஆனால் அதில் ஒரு நன்மையும் அமைந்திருக்கிறது. மூச்சை வெளிவிடும்போதுதான் குரல் எழும். "கோவிந்தா! கோபாலா!" என்று உரக்கச் சொல்ல வேண்டுமானால் மூச்சை நிறைய இழுத்து நீளமாக விட வேண்டும், மேல்மூச்சு விட்டால் சொல்ல முடியாது. காலடியும் மூச்சும் ஒரு தாளத்தில் இணைந்துகொள்வதும் ஓடுபவர்களிடம் காணப்படும் இயல்பே. வேகம் அளவுக்கு மீறினால் முதலில் முறிவது குரல்தான். குரல் முறிந்தவர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இன்றைய உடற்பயிற்சி ஆசிரியர்களும் இதையே சொல்கிறார்கள்: பயிற்சியின்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிந்தால் உழைப்பு மிதமானது, ஓரிரு சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் கடுமையானது. 80 கிலோமீட்டர் செல்ல வேண்டியவருக்கு இதைவிட எளிய வேகமானி கிடைக்குமா?

செய்து பாருங்கள், சிந்தியுங்கள்

1. உங்கள் எடையையும் உங்கள் பள்ளி மாடியின் உயரத்தையும் கொண்டு, ஒரு முறை மாடியேற எத்தனை லிட்டர் பிராணவாயு வேண்டும் என்று கணக்கிடுங்கள்.

2. ஓடிய உடன் நாடித்துடிப்பையும் மூச்சையும் சேர்த்தே எண்ணுங்கள். எது முதலில் பழைய நிலைக்குத் திரும்புகிறது?

3. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாயால் மெல்ல ஊதுங்கள், உறிஞ்ச வேண்டாம். அமைதியாக இருக்கும்போதும் ஓடி வந்த பின்பும் அது பால் நிறமாக எத்தனை விநாடி ஆகிறது? வேறுபாட்டுக்குக் காரணம் கூறுங்கள்.

4. மேலே பெரியவரின் 'கால்வாய்' 150 மில்லிலிட்டர் என்றோம். நீண்ட குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு குளத்தின் அடியில் இருந்தபடியே மூச்சு விடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது ஏன் நடவாது? தாளில் மட்டும் விடை காணுங்கள், தண்ணீரில் வேண்டாம்!